இறுக்கிப் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்? புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற பஸ்ஸில் காலை ஏழரை மணிக்கு ஏறினால் பெரும்பாலும் நின்றுதான் போகவேண்டும். "அக்கா, கம்பியப் புடிச்சிக்கங்க" என்று கொண்டக்டர் சத்தம் போடுவார். அந்த அக்கா ஒரு கையால் கம்பியைப் பிடித்திருப்பார். மறு கையால் பணப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருப்பார். அவருடைய சேலையை மகள் பிடித்திருப்பாள். திடீரென்று பிரேக் போட்டால் பின்னால் நிற்கிற பாடசாலைப் பையன் சீட்டின் விளிம்பை எட்டிப் பிடிப்பான்.

தமிழில் நான்கு இடத்திலும் 'பிடி' என்ற ஒரே வினைதான். ஆங்கிலத்தில் நான்கும் நான்கு வினை. கம்பியைப் பிடிப்பது 'கிரிப்'. பணப்பையைப் பிடிப்பது 'கிளட்ச்'. சேலையைப் பிடிப்பது 'கிளிங்'. சீட்டைப் பிடிப்பது 'கிராப்'. இந்த நான்கையும் அகராதியில் தேடினால் நான்குக்கும் 'பிடி, பற்று' என்றே விளக்கம் இருக்கும். அதனால் நான்கும் ஒன்று என்று நினைத்து, கைக்கு வந்ததை எழுதிவிடுகிறோம். எழுதிய வாக்கியத்தில் இலக்கணப் பிழை இருக்காது. ஆனால் வாசிக்கிறவருக்கு ஏதோ இடிக்கும்.

ஓ.எல். (சாதாரண தர) பரீட்சைக்குக் கட்டுரை எழுதிப் பழகுகிறவர்கள், அறுகம்பேயிலும் பாசிக்குடாவிலும் வெளிநாட்டு விருந்தினரோடு வேலை செய்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் குறிப்பு எழுதுகிறவர்கள், வீட்டில் தனியாக இருந்து ஆங்கிலம் படிக்கிற அம்மாமார், எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வருகிறது. தீர்ப்பதற்கு ஒரு நல்ல வழி உண்டு. அது நம்முடைய தமிழுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் 'ஹோல்ட்'

எந்த வினை சரி என்று தெரியாத இடத்தில் 'ஹோல்ட்' போடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் நாள் முழுக்க அதைத்தான் சொல்கிறார்கள். குழந்தையை, குடையை, ஏணியை, கையை, கதவை, எதைப் பிடித்தாலும் 'ஹோல்ட்' பொருந்தும். இறுக்கமும் வேண்டுமென்றால் 'டைட்' அல்லது 'டைட்லி' சேர்த்தால் போதும்.

இந்த இரண்டில் எது? பேச்சில், அதுவும் ஒருவருக்கு ஏதாவது சொல்லும்போது, 'ஹோல்ட் டைட்', 'ஹோல்ட் ஆன் டைட்' என்பதுதான் இயல்பு. பொத்துவிலில் இருந்து கடற்கரைக்கு ஓட்டோவில் விருந்தினரை ஏற்றிப்போகிற தம்பி, பாதை மோசமாகிற இடத்தில் 'ஹோல்ட் ஆன் டைட், பிளீஸ்' என்று சொன்னால் அது முழுக்கச் சரியான ஆங்கிலம். 'டைட்லி' எழுத்தில் அதிகம் வரும். கட்டாயம் 'டைட்லி' வேண்டிய இடமும் ஒன்று உண்டு: 'இறுக்கமாக அடுக்கப்பட்ட', 'இறுக்கமாகக் கட்டப்பட்ட' என்று பொருளை வருணிக்கும்போது அந்தச் சொல்லுக்கு முன்னால் 'டைட்லி'தான் வரும். 'டைட்லி பேக்ட்' என்பார்கள்.

'ஹோல்ட் ஆன்' பற்றி ஒரு எச்சரிக்கை. தொலைபேசியில் ஒருவர் 'ஹோல்ட் ஆன்' என்றால் எதையும் பிடிக்கச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுங்கள், வைத்துவிடாதீர்கள் என்று அர்த்தம். 'ஹேங் ஆன்' என்பதும் அப்படித்தான். முந்தியது கொஞ்சம் மரியாதை, பிந்தியது நண்பர்களுக்குள் சொல்வது. ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்கிறவர்கள் 'ஹோல்ட் ஆன், பிளீஸ்' என்று சொல்லலாம். 'ஹேங் ஆன்' அந்த இடத்துக்கு வேண்டாம்.

'பிடி'க்கு முன்னால் என்ன நிற்கிறது?

இனித்தான் முக்கியமான படி. தமிழில் நாம் வெறுமனே 'பிடித்தான்' என்று சொல்வது குறைவு. எட்டிப் பிடித்தான், இறுக்கிப் பிடித்தான், பதறிப் பிடித்தான், கட்டிப் பிடித்தான், கோத்துப் பிடித்தான், தொத்திப் பிடித்தான் என்று முன்னால் ஒரு வினையெச்சம் வைப்போம். எப்படிப் பிடித்தான் என்ற செய்தி முழுவதும் அந்த எச்சத்தில் இருக்கிறது. ஆங்கிலம் வேறு மாதிரி. அங்கே எச்சமும் வினையும் ஒரே சொல்லுக்குள் உருகிப்போய் இருக்கும். அதனால் ஆங்கில வினையைத் தேடுகிறபோது 'பிடி'யைத் தேடாதீர்கள். முன்னால் நிற்கிற எச்சத்தைத் தேடுங்கள்.

எழுத வேண்டிய காட்சியை முதலில் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் வாயில் தானாக வருகிற எச்சம் எது என்று பாருங்கள். 'இறுக்கி' என்று வந்தால் கிரிப். 'எட்டி' அல்லது 'தாவி' என்று வந்தால் கிராப். 'பதறி' அல்லது 'நெஞ்சோடு அணைத்து' என்றால் கிளட்ச். 'தொத்தி', 'ஒட்டி' என்றால் கிளிங். 'கோத்து' என்றால் கிளாஸ்ப். 'கட்டி' என்றால் ஹக். 'பிடுங்கி', 'பறித்து' என்றால் ஸ்னாட்ச். எச்சம் எதுவும் வராமல் வெறும் 'பிடி' மட்டும் வந்தால் அந்த இடத்துக்கு 'ஹோல்ட்' போதும்.

இவற்றில் கிரிப், கிளட்ச், கிளிங் மூன்றும் மிக நெருக்கமானவை. மூன்றிலும் பிடி விடாது. வேறுபாடு பிடிக்கிறவரின் நிலையில் இருக்கிறது. அதனால் இவற்றில் கொஞ்சம் நேரம் செலவழிப்போம்.

'கிரிப்' என்ற சொல் ஏற்கெனவே நம் வாயில் புழங்குகிறது. "டயர்ல கிரிப் இல்ல, மழைக்கு வழுக்கும்" என்று சொல்லாத மோட்டார் சைக்கிள்காரர் இல்லை. அந்தப் பொருள்தான் வினைக்கும். வழுக்காமல், அசையாமல், பலத்தோடு பிடிப்பது. பிடிக்கிறவர் கட்டுப்பாட்டோடு இருக்கிறார். கரைவலை இழுக்கிறவர்களைப் பாருங்கள். ஈரக் கயிறு கையை அறுக்கும், அலை பின்னுக்கு இழுக்கும், ஆனாலும் வரிசையாக நின்று கயிற்றை இறுக்கி, ஒரே தாளத்தில் காலைப் பின்வைக்கிறார்கள். அது கிரிப். கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரண்டு கட்சியும் வடத்தைப் பிடித்து இழுப்பதும் கிரிப்தான். அங்கே கொளுவி நிற்கிற இரண்டு கொம்புகளுக்கு மட்டும் வேறு வினை வேண்டும். ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொண்டு நிற்பதை 'லாக்' அல்லது 'இன்டர்லாக்' என்பார்கள்.

'கிளட்ச்' அப்படியில்லை. அதிலும் இறுக்கம் உண்டு, ஆனால் அந்த இறுக்கம் பயத்தால் வருகிறது. இழந்துவிடுவோமோ, விழுந்துவிடுவோமோ, யாராவது பறித்துவிடுவார்களோ என்கிற பதற்றம். அடையாள அட்டையையும் காணி உறுதியையும் கையில் சுருட்டிப் பிடித்தபடி கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் நிற்கிற முதியவர் அவற்றை 'கிளட்ச்' பண்ணுகிறார். அவர் கையில் இருப்பது பழைய சினிமாப் பத்திரிகை என்றால் அந்த வினை வராது, 'ஹோல்ட்' போதும். பொருளின் மதிப்பும் பிடிக்கிறவரின் மனமும் சேர்ந்துதான் கிளட்ச். வலியிலும் இது வரும். நெஞ்சு வலியால் மார்பைப் பிடித்துக்கொண்டு வந்த நோயாளியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது 'கிளட்சிங் ஹிஸ் செஸ்ட்' என்பதே வழக்கம். அந்த இடத்தில் 'கிரிப்பிங்' எழுதினால் வேண்டுமென்றே மார்பைப் பலமாக அழுத்திப் பிடித்தார் என்பதுபோல ஆகிவிடும்.

மோட்டார் சைக்கிள் கிளட்ச்சுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வகுப்பில் அடிக்கடி கேட்பார்கள். நல்ல கேள்வி. என்ஜினின் சுழற்சியை கியருக்குக் கொண்டுபோகிற தட்டுகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடிக்குத்தான் கிளட்ச் என்று பெயர். நாம் கைப்பிடியை அழுத்தும்போது நடப்பது பிடி விடுவது. கையை எடுத்தால் தட்டுகள் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆக, சொல்லின் அடிப்பொருள் இரண்டு இடத்திலும் இறுக்கிப் பிடிப்பதுதான். பயம் மனிதருக்குச் சொல்லும்போது மட்டும் சேர்கிறது.

'கிளிங்' மூன்றாவது. இதில் பிடிக்கிறவர் பலவீனமானவர், பிடிபடுகிறது உறுதியானது. விட்டால் பிடித்தவருக்குத்தான் ஆபத்து. குரங்குப் பிடி, பூனைப் பிடி என்று வைணவ சமயத்தில் ஒரு பழைய விளக்கம் உண்டு. குரங்கு மரம் விட்டு மரம் தாவும்போது குட்டிதான் தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனையோ தானே குட்டியைக் கவ்விக்கொண்டு போகும், குட்டி எதையும் பிடிக்க வேண்டியதில்லை. குரங்குக் குட்டி செய்வது அப்படியே கிளிங். பூனை செய்வது கிளிங் ஆகவே ஆகாது. இந்த ஒரு உவமையை மனதில் வைத்திருந்தால் இந்த வினையில் ஒருபோதும் தடுமாற மாட்டீர்கள்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது தென்னையையும் பனையையும் கட்டிப் பிடித்து உயிர் தப்பியவர்கள் நாவலடியிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் இன்றைக்கும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால் 'கிளங் டு எ ட்ரீ' என்று எழுதுங்கள். 'கிராப்ட்' என்று எழுதினால் மரத்தை எட்டிப் பிடித்த அந்த ஒரு கணம் மட்டும் வரும். அதன்பிறகு தண்ணீர் வடியும் வரைக்கும் விடாமல் இருந்த நேரம் வராது. இப்படி ஒரு விஷயத்தைச் சொல்லும்போது சொல் சரியாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நினைக்கிறேன். தமிழில் 'கட்டிப் பிடித்து' என்றாலும் இது ஹக் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஹக் அன்பினால் கட்டிப் பிடிப்பது. எச்சம் ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறு என்றால் வினையும் மாறும்.

கிளிங் உயிரில்லாத பொருளுக்கும் வரும். நனைந்த சாரம் காலில் ஒட்டுவது, கருவாட்டு மணம் உடுப்பில் நிற்பது, சமைத்த சாப்பாட்டைச் சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்வது, எல்லாம் கிளிங். பசை போட்டு ஒட்டுவது என்றால் 'ஸ்டிக்'. மருந்து, தொழில்நுட்பம் சார்ந்த எழுத்தில் 'அட்ஹியர்' என்று எழுதுவார்கள்.

மற்றவை அவ்வளவு சிரமம் இல்லை. கிளாஸ்ப் கையைக் கோத்துப் பிடிப்பது, உள்ளங்கைக்குள் பொத்திப் பிடிப்பது. பழைய சிநேகிதர்கள் சந்தித்து ஒருவர் கையை மற்றவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்களே, அது. சங்கிலியின் கொக்கிக்கும் அதே பெயர்தான். கிளெஞ்ச் என்பது பெரும்பாலும் வெளியே ஒரு பொருளைப் பிடிப்பதில்லை. பல்லைக் கடிப்பதும் முட்டியை மடக்கி இறுக்குவதும் அது. ஸ்குவீஸ் பிழிவது. தேசிக்காய் பிழிவதற்கும் ஆறுதலாக ஒருவரின் கையை அழுத்துவதற்கும் ஒரே சொல்.

பத்து நிமிடச் சோதனை

அடுத்த படி, எடுத்துக்கொண்ட வினையோடு 'பத்து நிமிடமாக' என்று சேர்த்துப் பார்ப்பது.

'பத்து நிமிடமாகக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள்' என்று சொல்லலாம். 'பத்து நிமிடமாகப் பையைப் பறித்தான்' என்று சொல்ல முடியாது. பறிப்பது ஒரு நொடி வேலை. ஆங்கிலத்திலும் இதே பிரிவு உண்டு. கிராப், ஸ்னாட்ச், பலத்தால் கைப்பற்றுகிற ஸீஸ் மூன்றும் பிடியில் அகப்படுத்துகிற கணத்தைச் சொல்பவை. கிரிப், கிளட்ச், கிளிங், ஹோல்ட் இவை பிடி நீடிப்பதைச் சொல்பவை. கிராஸ்ப் (கையால் உறுதியாகப் பற்றுவது), கிளாஸ்ப் இரண்டும் இரு பக்கமும் போகும்.

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் வழுக்குகிற இடம் இது. 'அவன் ஒரு மணித்தியாலம் கயிற்றைப் பிடித்திருந்தான்' என்பதற்கு 'கிராப்ட் த ரோப் ஃபோர் என் அவர்' என்று எழுதுகிறார்கள். கிராப் அந்த ஒரு மணித்தியாலத்தைத் தாங்காது. 'ஹெல்ட் ஆன் டு த ரோப்' என்று மாற்றினால் சரி.

தமிழில் நாம் 'கொண்டிரு' என்று ஒரு துணைவினையைச் சேர்த்து இந்த வேலையை முடித்துவிடுகிறோம். பிடித்தான் என்றால் கணம், பிடித்துக்கொண்டிருந்தான் என்றால் நேரம். ஆகவே உங்கள் தமிழ் வாக்கியத்தில் 'கொண்டிரு' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டாவது கூட்டத்திலிருந்து வினை எடுங்கள்.

அறுகம்பேயில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிற தம்பிமாருக்கு இந்தப் பிரிவு தொழிலிலேயே தேவைப்படும். பலகையின் இரண்டு பக்க விளிம்புகளுக்கும் 'ரெயில்ஸ்' என்று பெயர். அலை வருகிறபோது சட்டென்று விளிம்பைப் பிடிக்கச் சொல்ல 'கிராப் த ரெயில்ஸ்'. பிடித்தபடியே இருக்கச் சொல்ல 'ஹோல்ட் ஆன் டு த ரெயில்ஸ்'. கடலுக்குள் நின்று கத்துகிறபோது ஒரு சொல்தான் காதில் விழும். அது சரியான சொல்லாக இருக்கட்டும்.

'ஸீஸ்' என்ற சொல்லுக்குத் தனிக் கவனம்

ஸ்னாட்ச் என்றால் சட்டென்று பறிப்பது. தெருவில் சங்கிலி அறுப்பவன் செய்வது அது, காகம் பிள்ளையின் கையிலிருந்து வடையைக் கொத்திக்கொண்டு போவதும் அது. ஸீஸ் அதைவிடப் பாரமான சொல். பலமோ அதிகாரமோ பின்னால் இருக்க வேண்டும். பழைய பிரெஞ்சுச் சட்ட மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வினை. அதனால்தான் இன்றைக்கும் பொலிஸ், சுங்கம், நீதிமன்றம் சம்பந்தப்பட்ட செய்திகளில் அது நிற்கிறது. நம் பத்திரிகைகள் 'கைப்பற்றப்பட்டது' என்று எழுதுகிற இடமெல்லாம் ஆங்கிலப் பத்திரிகையில் 'ஸீஸ்ட்' என்று இருக்கும். 'கிராப்ட்' என்று எழுதினால் பொலிஸார் அடிபட்டுப் பிடுங்கியதுபோல் ஆகும்.

இதன் பெயர்ச்சொல் 'ஸீஷர்'. பொலிஸ் நிலையத்தில் அதற்குக் கைப்பற்றல் என்று பொருள், ஆஸ்பத்திரியில் வலிப்பு. உங்கள் பிள்ளைக்கு ஸீஷர் வந்ததா என்று வைத்தியர் ஆங்கிலத்தில் கேட்டால் யாரும் எதையும் பறித்தார்களா என்று கேட்கவில்லை. இதைத் தாய்மார் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கராஜில் இன்னொரு பொருள். ஒயில் இல்லாமல் ஓடி, சூடேறி, பிஸ்டன் உள்ளே இறுகிப்போனால் "என்ஜின் சீஸ் ஆகிட்டு" என்று மெக்கானிக் சொல்வார். அவர் சொல்வது சரியான ஆங்கிலமே. எழுதும்போது 'ஸீஸ்ட் அப்'.

எழுத்துக்கூட்டலில் ஐயம் வரும் சொல் இது. எஸ், ஈ, ஐ, இசட், ஈ. முதலில் ஈ, பிறகு ஐ.

பின்னால் ஒட்டுகிற சிறு சொல்

வினை சரியாக வந்தபிறகும் 'டு', 'அட்', 'பை' என்ற சிறு சொற்களில் தவறு நேரலாம். இவற்றை வினையோடு சேர்த்தே மனனம் செய்ய வேண்டும். தனியாகப் பட்டியல் போட்டுப் படிப்பதில் பயன் இல்லை.

கிரிப், கிராப், ஹோல்ட், ஸீஸ் இவற்றுக்குப் பின்னால் எதுவும் தேவையில்லை, பொருள் நேரே வரும். கிளிங் எப்போதும் 'டு' கேட்கும். தமிழில் 'மரத்தைப் பற்றினான்' என்று இரண்டாம் வேற்றுமை வருவதால் 'கிளங் த ட்ரீ' என்று எழுதிவிடுகிறோம். 'மரத்தோடு ஒட்டினான்' என்று நினைத்துக்கொண்டால் 'டு' தானாக நினைவு வரும். 'ஹோல்ட் ஆன்', 'ஹேங் ஆன்' இரண்டும் பொருளைச் சொல்லும்போது 'டு' சேர்த்துக்கொள்ளும்.

'அட்' சுவையான சொல். கிளட்ச், கிராப், ஸ்னாட்ச், கிராஸ்ப் இவற்றின் பின்னால் 'அட்' வந்தால் பிடிக்க முயன்றான் என்று பொருள். பிடி கிடைத்ததா இல்லையா தெரியாது, பெரும்பாலும் கிடைக்கவில்லை. 'கிளட்ச்ட் த ரோப்' என்றால் கயிறு கையில் இருக்கிறது. 'கிளட்ச்ட் அட் த ரோப்' என்றால் கை கயிற்றை நோக்கி நீண்டது, அவ்வளவுதான். ஒரு சிறு சொல் ஒருவர் தப்பினாரா இல்லையா என்பதையே மாற்றிவிடுகிறது. மூழ்குகிறவன் வைக்கோல் துரும்பைப் பிடிக்கப் பார்ப்பான் என்ற ஆங்கிலப் பழமொழியிலும், நம்பிக்கையில்லாத நிலையில் எதையாவது பிடிக்கப் பார்ப்பதைச் சொல்கிற மரபுத்தொடரிலும் இந்த 'அட்' இருப்பதற்குக் காரணம் இதுதான்.

'பை' ஒரு ஆளை உடலின் ஒரு பகுதியில் பிடிக்கும்போது வரும். 'கொலரில் பிடித்தான்' என்று நாம் சொல்வதுபோல 'கிராப்ட் ஹிம் பை த கொலர்'. நம்முடைய ஏழாம் வேற்றுமையும் அவர்களுடைய 'பை'யும் இங்கே அழகாகப் பொருந்துகின்றன. கவனிக்க வேண்டியது, கொலருக்கு முன்னால் 'த' வரும், 'ஹிஸ்' வராது.

'கெட் ஹோல்ட் ஆஃப்' என்று ஒரு தொடர் உண்டு. ஒருவரைத் தொலைபேசியில் பிடிப்பது, கிடைக்காத பொருளைத் தேடிப் பிடிப்பது. 'காலையிலிருந்து ஆளைப் பிடிக்க முடியவில்லை' என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல ஆங்கிலம் இல்லை.

இறந்தகாலமும் வாயும்

நான்கை மட்டும் மனனம் செய்யுங்கள். ஹோல்ட் என்பதற்கு ஹெல்ட், கிளிங் என்பதற்கு கிளங், ஸ்டிக் என்பதற்கு ஸ்டக், ஹேங் என்பதற்கு ஹங். மற்றவை எல்லாம் வழக்கமான 'ஈடி'. கிரிப், கிராப், ஹக் மூன்றுக்கும் கடைசி எழுத்து இரட்டிக்கும்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. தமிழ்ச் சொல் மெய்யெழுத்துக் கூட்டத்தோடு முடியாது என்பதால் 'கிரிப்பிடு', 'கிளாஸ்பிடு' என்று ஒரு உயிரைச் சேர்த்துவிடுவோம். அந்த 'இ' வேண்டாம். கிரிப், கிளட்ச், கிளாஸ்ப், கிராஸ்ப், ஸ்னாட்ச் ஐந்துக்கும் கடைசியில் வெறும் 'ட்' ஒலி, மூச்சு மட்டும். கிராப், ஹக், ஸீஸ், ஸ்குவீஸ் நான்குக்கும் மென்மையான 'ட்', 'நாடு' என்பதில் வருவதுபோல. 'கிராஸ்ப்ட்' சொல்வது உண்மையிலேயே கடினம். மெதுவாக 'கிராஸ்', பிறகு உதட்டை மூடி 'ப்', பிறகு நாக்கை மேலே வைத்து 'ட்'. கண்ணாடி முன் நின்று செய்தால் விரைவில் பழகும்.

கையால் பிடிக்காத பிடி

இந்த வினைகளில் பாதி மனதுக்கும் போகும். நமக்கு இதில் சிரமம் இருக்கக் கூடாது, தமிழும் அதையே செய்கிறது.

கிராஸ்ப் விளங்கிக்கொள்வதையும் குறிக்கும். பாடசாலையில் தமிழ் வினாத்தாளில் 'கிரகித்தல்' என்று ஒரு பகுதி வரும். கிரகி என்ற சொல்லும் வடமொழியில் பற்றிப் பிடிப்பது என்ற வேரிலிருந்து வந்ததுதான். 'இப்பதான் விஷயம் பிடிபட்டது' என்பது பேச்சில் அதே எண்ணம். ஆகவே 'கிராஸ்ப் த மீனிங்' என்பது நமக்கு அந்நியம் இல்லை.

எம்பிரேஸ் கையால் தழுவுவது, மனதால் ஏற்பது இரண்டும். 'இஸ்லாத்தைத் தழுவினார்', 'கிறிஸ்தவத்தைத் தழுவினார்' என்று நாம் சொல்வதை ஆங்கிலமும் 'எம்பிரேஸ்ட்' என்றே சொல்லும். ஹக் இந்த இடத்துக்கு வராது. அது உடலோடு நின்றுவிடும்.

கிளிங் நம்பிக்கைக்கு வரும், பழைய எண்ணத்துக்கும் வரும். இங்கே ஒரு எச்சரிக்கை. ஒருவர் தன் கொள்கையில் உறுதியாக நிற்கிறார் என்று பாராட்ட நினைத்தால் கிளிங் வேண்டாம். விட வேண்டியதை விடாமல் தொங்குகிறார் என்ற குறை அதில் ஒட்டியிருக்கும். பாராட்டுக்கு 'ஹோல்ட் ஃபாஸ்ட் டு' அல்லது 'ஸ்டிக் டு' எடுங்கள். அந்த 'ஃபாஸ்ட்' வேகம் அல்ல, உறுதி. வாய்ப்பைப் பயன்படுத்துவதற்கு 'ஸீஸ்', வறட்சியும் பயமும் ஊரைப் பிடித்தாட்டுவதற்கு 'இன் த கிரிப் ஆஃப்'. வேலை விண்ணப்பக் கடிதத்தில் வாய்ப்பை 'ஸ்னாட்ச்' பண்ணுவேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

பழகுவது எப்படி

போனில் ஒரே பொருளுள்ள சொற்களைத் தேடினால் ஒரு நீளப் பட்டியல் வந்து விழும். அதிலிருந்து நேரே எடுத்து எழுத வேண்டாம். பட்டியல் சொற்களைக் காட்டும், எந்தச் சொல் எந்த இடத்துக்கு என்று காட்டாது. எடுத்த சொல்லை ஒக்ஸ்போர்ட் அல்லது கேம்பிரிட்ஜ் நிறுவனங்கள் மாணவர்களுக்கென்றே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிற அகராதிகளில் போட்டு, கீழே தந்திருக்கிற உதாரண வாக்கியங்களை வாசியுங்கள். எதைப் பிடிக்கிறார்கள், யார் பிடிக்கிறார்கள், பின்னால் என்ன சிறு சொல் வருகிறது என்ற மூன்றையும் பாருங்கள். உச்சரிப்பையும் அங்கேயே கேட்கலாம்.

அப்புறம் ஒரு கொப்பியில் வினைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தின் மேலே தமிழ் எச்சத்தை எழுதுங்கள், 'இறுக்கி', 'பதறி', 'தொத்தி' என்று. கீழே நீங்கள் கண்ணால் கண்ட காட்சியை மட்டும் எழுதுங்கள். கற்பனை வாக்கியம் மனதில் நிற்காது. பழைய கல்லடிப் பாலத்தில் மாலையில் கொஞ்ச நேரம் நின்றால் பாதிக் கொப்பி நிரம்பும். வாவியில் வீச்சுவலை எறிகிறவர் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, வலையின் ஒரு முனையைப் பல்லால் கவ்வியிருப்பார். அதற்கு 'கிரிப்', பின்னால் 'பிட்வீன் ஹிஸ் டீத்'. பிள்ளையைச் சைக்கிளின் முன்னால் இருத்திக்கொண்டு போகிற தகப்பனுக்கு 'ஹோல்ட்'. அந்தப் பிள்ளை கைப்பிடியைப் பிடித்திருப்பது சந்தோஷமாகவா, பயந்தா என்று முகத்தைப் பார்த்துத்தான் 'கிரிப்', 'கிளட்ச்' இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்கு இரண்டு வினை போதும். முதல் வாரம் கிரிப்பும் கிராப்பும் எடுங்கள், ஏனென்றால் பத்து நிமிடச் சோதனை அவற்றில்தான் தெளிவாக விளங்கும். அடுத்தது கிளட்ச்சும் கிளிங்கும். ஸீஸை ஆங்கிலப் பத்திரிகையில் தேடிப் பிடியுங்கள், தலைப்புகளில் அடிக்கடி வரும். கிளெஞ்ச்சையும் கிளிஞ்ச்சையும் ஒரே வாரத்தில் படிக்க வேண்டாம், ஒலி ஒன்றுபோல் இருப்பதால் குழம்பும். கிளிஞ்ச் என்பது பேரத்தையோ வெற்றியையோ உறுதி செய்து முடிப்பது, கையோ பல்லோ அதில் இல்லை. 'கிளீவ்' என்று ஒரு பழைய சொல்லும் எதிர்ப்படலாம். ஒட்டிக்கொள்வது, பிளப்பது என்று நேர் எதிரான இரண்டு பொருள் அதற்கு உண்டு. வாசிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும், எழுதுவதற்கு எடுக்க வேண்டாம்.